ஆளில்லா நிலமா?

நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நிலப்பகுதிக்குக் கோண்டுவானா என்று பெயர். புவியியலார் அப்பெயரையே பண்டைய பெருங்கண்டம் ஒன்றுக்குச் சூட்டினர். இந்தியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா ஆகிய ஐந்தும் ஒரு காலத்தில் அப்பெருநிலத்தின் உறுப்புகளாய் இணைந்திருந்தன. குளோசாப்டெரிஸ் என்னும் பழந்தாவரத்தின் இலைத்தடங்கள் இவ்வைந்து நிலங்களின் பாறைகளிலும் இன்றும் சான்று பகர்கின்றன. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா பிரியத் தொடங்கி, பின்னர் வடக்கு நோக்கி நகர்ந்தது. ஆஸ்திரேலியாவோ ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் அண்டார்க்டிகாவை முற்றிலும் விட்டு விலகித் தனிக்கண்டமாயிற்று.

அக்கண்டத்தில் மனிதர் வாழத் தொடங்கி 50,000 ஆண்டுகளேனும் ஆகின்றன. ஆயினும் 1770-இல் ஜேம்ஸ் குக் அதன் கிழக்குக் கரையைப் பிரித்தானிய மன்னருக்கு உரியதென அறிவித்தார். 11 கப்பல்களில் ஆர்தர் பிலிப்புடன் வந்தவர்கள் 1788 ஜனவரி 26 அன்று சிட்னியில் கொடியேற்றினர். மறு ஆண்டே பெரியம்மை பரவி, அப்பகுதித் தொல்குடியினரில் பெருந்தொகையினரை மாய்த்தது. அந்நாளைய அரசு அவர்களோடு உடன்படிக்கை எதுவும் செய்துகொள்ளவில்லை. அது ஆளில்லா நிலம் என்பதே சட்டத்தின் வாதம்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு கவர்ந்த வரலாற்றை நாம் அறிவோம். அந்தக் கொடிய அரசன்கூட நாபோத்தை முதலில் விலை கேட்டான்; தோட்டத்துக்கு உரியவன் ஒருவன் உண்டென ஒப்புக்கொண்டான். இங்கோ உரியவரே இல்லையென்று ஏட்டில் எழுதப்பட்டது.

அந்தப் பொய் உடைய இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மர்ரி தீவினரான எடி மாபோவும் அவர்தம் தோழர்களும் தொடுத்த வழக்கில், 1992 ஜூன் 3 அன்று நாட்டின் தலைமை நீதிமன்றம் தொல்குடியினரின் நில உரிமையை ஏற்றது. மாபோ அதைக் காணவில்லை. சில திங்களுக்கு முன்பே கண்மூடியிருந்தார்.

இதில் நம் திருச்சபைக்கும் பங்குண்டு. தொல்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து அரசு பிரித்தபோது, கத்தோலிக்க இல்லங்கள் சிலவும் அதற்குத் துணைபோயின. 1986-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தொல்குடியினரைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், 2001-இல் ஓசியானியத் திருச்சபைக்கு விடுத்த மடலில் அத்தவற்றுக்காக மன்னிப்புக் கோரினார். 2008-இல் அரசும் மன்னிப்புக் கேட்டது. ஆயினும், தொல்குடியினருக்கென ஆலோசனை மன்றம் ஒன்றை அரசியல் சாசனத்தில் இடம்பெறச் செய்யும் முயற்சி 2023-இல் பொது வாக்கெடுப்பில் தோற்றது. மன்னிப்புக் கேட்பது மனமாற்றத்தின் தொடக்கமே அன்றி முடிவன்று.

அன்பர்களே, பழங்குடியினர் நாட்டின் பெயரைப் பாறைகளுக்குச் சூட்டி மகிழ்ந்தது உலகம். அத்தகைய மக்களின் காலடி நிலத்தை அவர்களுக்கே விட்டுவைக்க மட்டும் ஏன் மனம் வரவில்லை? காலியாய்க் கிடக்கிறதென்று நாம் கருதும் எந்த நிலத்தையும் நோக்குமுன், அங்கே வாழ்பவர் யார் என்று முதலில் கேட்போமாக.