கத்தி செல்லும் வளைவு

கைவினை வெட்டும் இயந்திரத்தில் கத்தி நகரும் வளைவின் கணக்கு பிரெஞ்சுக் கார் தொழிற்சாலைகளில் பிறந்தது. சித்ரோயனில் பால் த காஸ்டெல்ஜோ 1959இல் அதைக் கண்டறிந்தார். நிறுவனம் வெளியே விடவில்லை. ரெனோவின் பியர் பெசியே 1960களில் தனியாக அதே முடிவை எட்டி, வெளியிட்டார். வளைவுக்கு அவர் பெயரே நிலைத்தது. முந்தியவருக்கு அது பெரும் அநீதி.

1987இல் வந்த அடோபி இல்லஸ்ட்ரேட்டர் இவ்வளைவை ஓவியர்களின் கைக்குக் கொண்டுவந்தது. 2001இல், இவ்வளைவைச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பு வடிவம் வலைத்தரமானது. பீட்டர் செலிங்கர் வெளியிட்ட போட்ரேஸ் என்ற மென்பொருள், கறுப்பு வெள்ளைப் படத்தின் புள்ளி விளிம்பைத் தொடர்ந்து சென்று வழவழப்பான கோடாக்கியது. 2003இல் தொடங்கிய இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப் பின்னர் அதைச் சேர்த்துக்கொண்டது. வீட்டிலிருந்தே வெட்டுவோருக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி இதுவே.

ஆயினும் கைவேலை ஓயவில்லை. வளைவுத் துண்டுகள் சேரும் கணுக்கள் தேவையின்றி நெருங்கியிருந்தால் கத்தி தயங்கித் தயங்கித் திரும்பும். மெல்லிய தாள் மூலைகளில் கிழியும். அதனால் அக்கணுக்களை நீக்க வேண்டும். அச்சுத்தகடு (ஸ்டென்சில்) வெட்டும்போது ‘ச’ எழுத்தின் நடுக்கட்டம் உதிராதிருக்க, அதை வெளிப்பகுதியோடு இணைக்கும் குறுகிய பட்டையை வரைபவரே சேர்க்கிறார்.