புழுங்கலரிசி காத்த கால்கள்

1905 டிசம்பர். கோலாலம்பூர் மனநோயர் விடுதியில் முற்றத்தின் இருபுறமும் ஒரே மாதிரி இரண்டு கட்டடங்கள். மருத்துவர் வில்லியம் ஃபிளெச்சர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் போட்டார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு கட்டடத்துக்கு, இரட்டைப்படைக்காரர்கள் எதிர்க் கட்டடத்துக்கு. ஒரு கட்டடத்தில் சயாமிலிருந்து வந்த வெள்ளைவெளேரென்ற பச்சரிசிச் சோறு. மற்றதில் இந்தியப் புழுங்கலரிசிச் சோறு. மீதிச் சாப்பாட்டில் வித்தியாசமில்லை.

விடுதியை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்த நோய் பெரிபெரி. முதலில் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். கடைசியில் இதயம் கைவிடும். அரிசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் ஃபிளெச்சர் நம்பியிருந்தார். ஓராண்டு முடிவில் பச்சரிசிப் பக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் கண்டிருந்தது, அதனால் 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கத்தில் பெரிபெரியால் ஒரு சாவுகூட இல்லை. நடுவில் இரு கூட்டத்தாரையும் கட்டடம் மாற்றிக் குடிவைத்தும் பார்த்தார். நோய் கட்டடத்தோடு நிற்கவில்லை, அரிசியோடு போயிற்று. கேட்க நாதியற்றவர்களை வைத்து நடந்த இப்படியொரு சோதனைக்கு இன்று எந்த நாட்டிலும் அனுமதி கிடைக்காது.

இந்தச் சோதனைக்கு விதை போட்டது மலாயாத் தமிழர்களின் சோற்றுத் தட்டு. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியனார்டு பிராடன் பல ஆண்டுகளாக ஒன்றைக் கவனித்துவந்தார். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை பார்த்த சீனர்கள் பெரிபெரியில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அதே வெயில், அதே மழை, அவர்கள் குடியிருப்புகளைவிடச் சற்றும் மேம்படாத லயன் வீடுகள். ஆனாலும் தோட்டத்துத் தமிழர்களை அந்த நோய் அநேகமாகத் தொடவில்லை. கிராமத்து மலாய்க்காரர்களும் தப்பினார்கள். சீனர்கள் தின்றது சயாம் ஆலைகளில் தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர்கள் தின்றது அன்றன்றைக்கு வீட்டில் குத்திய அரிசி. தமிழர்களோ ஊரில் பழகிய புழுங்கலரிசியை விடவில்லை. அவர்களுக்காகவே அது இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறி வந்தது.

பிராடன் 1907-இல் இதைத் தடித்த நூலாகவே எழுதினார். குற்றவாளியைச் சரியாகக் கைகாட்டியவர், குற்றத்தைத் தப்பாகச் சொன்னார். பழசாகிப்போன பச்சரிசியில் ஏதோ நஞ்சு ஏறுகிறது என்பது அவர் முடிவு. அரிசியில் ஒன்று சேர்ந்ததால் அல்ல, ஒன்று குறைந்ததால் நோய் வருகிறது என்று நினைத்துப்பார்க்க அந்தக் காலத்து மருத்துவம் பழகியிருக்கவில்லை. எல்லாரும் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நெல்லை அவிக்கும் பழக்கம் எந்த மருத்துவரும் சொல்லி வந்ததல்ல. ஓரிரவு ஊறவைத்து, அண்டாவில் ஆவி கட்டும்வரை அவித்து, களத்தில் பரப்பி, காலால் துழாவிவிட்டு உலர்த்தும் வேலை அது. மழை பிடித்துக்கொண்டால் ஊறிய நெல்லின் புளித்த வாடை தெருவையே தூக்கும். இவ்வளவு பாடு எதற்கு? அவித்த நெல் உரலில் குத்தும்போது அதிகம் நொறுங்காது, குருணை குறையும். அரிசி கெட்டிப்படுவதால் வண்டும் எளிதில் துளைக்காது. இப்படிக் கணக்குப் பார்த்துச் செய்த வேலையில், யாரும் கேட்காத ஒரு லாபமும் கூடவே கிடைத்தது.

அந்த லாபத்தின் பெயர் வைட்டமின் பி1. அது நெல்லின் தவிட்டுப் படலத்திலும் முளையிலும்தான் மிகுதி, நீரில் கரையும். ஊறும்போதும் அவியும்போதும் அதில் ஒரு பங்கு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. மாவுப்பொருள் கூழாகி மறுபடி இறுகும்போது அங்கேயே தங்கியும்விடுகிறது. அப்புறம் ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் முழுக்கப் போகாது, கழுவினாலும் அவ்வளவாகக் கரையாது. இந்திய உணவு அட்டவணைகளில் 100 கிராம் அரிசிக்கான கணக்கு இது: ஆலையில் தீட்டிய பச்சரிசியில் 0.06 மில்லிகிராம் பி1, ஆலையில் தீட்டிய புழுங்கலில் 0.21. கைக்குத்தல் பச்சரிசியிலும் அதே 0.21தான். மலாய்க்காரர்களின் உலக்கை செய்ததைத் தமிழர்களின் அண்டா வேறு வழியில் செய்திருக்கிறது.

இதில் பச்சை உணவுக்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அடுப்பில் ஏற்றினால் சத்து போய்விடும் என்பது அவர்கள் வாதம். பி1-ஐப் பொறுத்தவரை பாதி உண்மை. சூட்டில் அது கொஞ்சம் அழியும், வடித்துக் கொட்டும் கஞ்சியோடும் போகும். ஆனால் சில பச்சை மீன்களில் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால்தான் அது அடங்கும். 1930-களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் பச்சைக் கெண்டை மீன் போட்டு வளர்த்த பண்ணை நரிகள் பக்கவாதம் கண்டு விழுந்தது இதனால்தான். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பி வகையைச் சேர்ந்த இன்னொரு வைட்டமினான பயோட்டினைக் கட்டிப்போட்டுவிடும். 

மலாயாவுக்கு வருவோம். ஃபிளெச்சருக்குப் பின் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட ஜாவாத் தொழிலாளர் சுமார் 300 பேரை இரண்டாகப் பிரித்து அதே சோதனையைச் செய்தார்கள். முடிவும் அதேதான். நஞ்சு இல்லை, தீட்டும்போது எதுவோ போகிறது என்று அவர்கள் நிறுவினார்கள். ஜாவாவின் பத்தாவியா ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய சோற்றைத் தின்ற கோழிகள் கால் தள்ளாடியதை டச்சு மருத்துவர் ஐக்மன் முன்பே கண்டிருந்தார். அதுவும் இப்போது கணக்கில் வந்து பொருந்தியது. 1910-இல் மணிலாவில் கூடிய மருத்துவர்கள், தீட்டிய வெள்ளரிசியையே தொடர்ந்து உண்பதோடு பெரிபெரிக்குத் தொடர்பு உண்டு என்று தீர்மானம் போட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து உயிர்வேதியியலாளர் காசிமிர் ஃபங்க் ‘வைட்டமின்’ என்ற பெயரைக் கொண்டுவந்தார்.

சென்னை மாகாணத்துக்குள்ளேயும் இந்தப் புழுங்கல்–பச்சரிசிப் பிளவு இருந்தது. தமிழ் மாவட்டங்களில் பெரும்பாலும் புழுங்கல், பெரிபெரி அபூர்வம். ஆலைப் பச்சரிசி புழங்கிய வடக்கே, தெலுங்குக் கடற்கரையில், நோய் ஊன்றி நின்றது. குன்னூரில் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம் முதலில் எடுத்துக்கொண்ட வேலை பெரிபெரி ஆராய்ச்சிதான். அதுவே வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது.

அந்தக் கடற்கரையின் தென்முனையில், நெல்லூரில், 1886-இல் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர் வேதியியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ். தவிட்டுச் சாற்றால் பெரிபெரிக் குழந்தைகள் பிழைப்பதை இளம் வயதில் மணிலாவில் கண்டவர், அதிலுள்ள பி1-ஐ விடாமல் துரத்தி 1936-இல் ஆய்வுக்கூடத்திலேயே செய்துகாட்டினார். 1948-இல் பிலிப்பைன்ஸின் பத்தான் மாகாணத்தில் அதைப் பூசிய அரிசியை, 200 பங்கு சாதா அரிசிக்கு ஒரு பங்கு என்று கலந்து விற்கவைத்தார். பெரிபெரிச் சாவுகள் மளமளவென்று குறைந்தன. நெல்லை அவித்திருந்தால் ஆலையும் மருந்தும் இல்லாமலே பெருமளவு ஆகியிருக்கக்கூடிய வேலை. ஆனால் வெள்ளைச் சோற்றுக்குப் பழகிய நாக்குக்குப் புழுங்கலின் நிறமும் மணமும் பிடிக்காது என்பதால், பூசுவதே சுலபமாகப் பட்டது.