பல்லுக்குள் ஒரு லென்ஸ்: செயற்கைக் கருவிழியின் கதை

கண் தானம் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் தானமாகக் கிடைத்த கருவிழியும் நிலைக்காத கண்கள் உண்டு தெரியுமா? எங்கள் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் பேர் போனது. அந்தச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால், கருவிழியோடு அதைப் புதுப்பிக்கும் ஓரத்துச் செல்களையும் அரித்துவிடும். அப்புறம் மாற்றுக் கருவிழி வைத்தாலும் மங்கிப் போகும். இவர்களுக்குக் கடைசி வழிதான் செயற்கைக் கருவிழி.

இந்த யோசனை பழசு. 1789-லேயே பெல்லியே த கெங்சி என்ற பிரெஞ்சு மருத்துவர், வெள்ளி வளையத்தில் பதித்த கண்ணாடியைக் கண்ணில் வைக்கலாம் என்று எழுதினார். ஆனால் கண்ணாடியை உடம்பு ஏற்கவில்லை. 1905-ல் மனிதக் கருவிழி மாற்று சிகிச்சை வெற்றி பெற்றதும் இந்த யோசனை பின்தங்கியது.

1963-ல் ரோமில் ஸ்ட்ராம்பெல்லி ஒரு வழி கண்டார். நோயாளியின் சொந்தப் பல்லையே எலும்போடு சீவி, துளையிட்டு, பிளாஸ்டிக் லென்ஸைப் பொருத்தி, கண்ணில் வைத்தார். சொந்தப் பல்லை உடம்பு தள்ளாது அல்லவா! சென்னை சங்கர நேத்ராலயாவில் 2003 முதல் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. அமெரிக்காவின் டோல்மேன் உருவாக்கிய 'பாஸ்டன்' வகைக்கு 1992-ல் அங்கே அரசு அனுமதி கிடைத்தது. மதுரை ஆரோலேப் அதே பாணியில் குறைந்த விலையில் ஒன்றைத் தயாரித்தது.

சரி, பார்வையை எப்படிச் சோதிப்பது? அறுவைக்கு முன் உள்ளே எதுவும் தெரியாது. எனவே நான்கு பக்கமிருந்தும் டார்ச் அடித்து, "வெளிச்சம் எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். விழித்திரை உயிரோடு இருக்கிறதா என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. பிறகு ஸ்கேன்.

அறுவைக்குப் பின் 1862-ல் ஸ்னெல்லன் தந்த எழுத்து அட்டை. இங்கேதான் ஒரு பொறி! கடைசி வரி வரை படிப்பவருக்கும் கண் அழுத்தத்தால் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரலாம். அழுத்தம் அளக்கும் வழக்கமான கருவிக்கு இயற்கையான கருவிழி வேண்டும்; இங்கே அது இல்லை. மருத்துவர் விரலால் தொட்டுத்தான் கணிக்க வேண்டும். லென்ஸ் குழாய் வழியே பார்ப்பதால் பார்வைப் பரப்பும் முதலிலேயே குறுகல். அதனால் பார்வைப் பரப்பை வரைபடமாக்கி, பழைய படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எழுத்து தெரிகிறதே என்று பரிசோதனைக்குப் போகாமல் விட்டால், கிடைத்த பார்வை சத்தமில்லாமல் போய்விடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கசக்காமல், அந்த இடத்திலேயே நிறையத் தண்ணீர் விட்டு வெகுநேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். பல்லைப் பிடுங்கும் நிலை வராமல் காப்பது அதுதான்.