குதிரை போனது, குதிரை வந்தது

1898 ஜூலை இறுதியில் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. கிளீவ்லாந்து நகரத்து அலெக்சாண்டர் விண்டன் கொடுத்தது. அமெரிக்காவின் முதல் கார் விளம்பரம் இதுதான் என்று பலரும் சொல்வார்கள். காரை விற்கிற விளம்பரம்தான், ஆனா பேச்சு முழுக்கக் குதிரையைப் பற்றி. குதிரையை விட்டொழியுங்கள், தீனிச் செலவு மிச்சம், பராமரிக்கிற கவலை மிச்சம். மைலுக்கு அரை சென்ட் ஆகும், விலை 1000 டாலர். அவ்வளவுதான். மளிகைக் கணக்கு மாதிரி இருக்கும். அதுதான் எனக்குப் பிடித்தது.

ஏறக்குறைய 25 வருஷம் கழித்து, அதே கிளீவ்லாந்திலிருந்து இன்னொரு விளம்பரம். 1923 ஜூன், சாட்டர்டே ஈவினிங் போஸ்ட். தலைப்பு 'லாரமிக்கு மேற்கே எங்கோ'. எழுதியவர் நெட் ஜோர்டன், கம்பெனி முதலாளியே அவர்தான். விற்ற கார் ஜோர்டன் பிளேபாய். படத்தில் ஒரு பெண் காரை விரட்டிக்கொண்டு போகிறாள், பக்கத்திலேயே ஒருவன் குதிரையில் பாய்ந்து வருகிறான். எழுத்தில் முரட்டுக் குதிரையை அடக்கும் பெண், வெயில், சிரிப்பு எல்லாம் உண்டு. எஞ்சின் எத்தனை குதிரைத்திறன், விலை என்ன என்பதற்கெல்லாம் இடமே இல்லை.

ஏன் இல்லை? எழுத்தின் அழகு என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாதுங்க. ஜோர்டன் கார் மற்ற கம்பெனிகளின் உதிரிபாகங்களை வாங்கிப் பூட்டிய கார். எஞ்சினே கான்டினென்டல் கம்பெனியுடையது. அதே எஞ்சினை வாங்கி ஓட்டியவர்கள் இன்னும் பல பேர். பெருமைப்பட்டுக்கொள்ள உள்ளே தனியாக ஒன்றும் கிடையாது, அழகான பாடியையும் வண்ணத்தையும் தவிர.

இன்னொரு பக்கம் ஃபோர்டு. 1908இல் 850 டாலருக்கு வந்த மாடல் டி, 1920களின் நடுவில் 300க்கும் கீழே இறங்கிவிட்டது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான் தேவை என்றால் ஃபோர்டு போதும். அதற்கு மேல் பல மடங்கு பணம் கேட்பவன் வேறு எதையாவது விற்றாக வேண்டும். ஜோர்டன் ஆசையை விற்றார். அதற்கு அவருக்குக் கைகொடுத்தது, விண்டன் விரட்டியடித்த அதே குதிரை! 1898இல் அது சாணி, செலவு, தொல்லை. 1923க்குள் நகரத்துத் தெருவிலிருந்து அது பெரும்பாலும் மறைந்துவிட்டதால், சுதந்திரத்தின் அடையாளமாகத் திரும்பி வர முடிந்தது. தினமும் லாயம் கழுவுகிறவனிடம் இந்தப் படத்தைக் காட்டியிருந்தால் சிரித்திருப்பான்.

ரயிலில் வயோமிங் மாநிலத்தைக் கடக்கும்போது, ஜன்னல் வழியே குதிரையில் வந்த ஒரு பெண்ணைப் பார்த்து ஜோர்டனுக்கு இது தோன்றியதாக ஒரு கதை உண்டு. விளம்பரக்காரர் சொன்ன கதை, பாதி தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கணும்.

விண்டன் 1924இல் கார் தயாரிப்பை நிறுத்தினார். ஜோர்டன் கம்பெனி 1931இல் மூடப்பட்டது. விளம்பரப் பாடநூல்களில் ஜோர்டனுக்கு இன்றும் இடம் இருக்கிறது. விண்டன் பெயர் போன வழி வேறு: அவருடைய எஞ்சின் கம்பெனியை 1930இல் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. 1934இல் அதன் டீசல் எஞ்சின் பூட்டிய யூனியன் பசிபிக் ரயில் ஒன்று வயோமிங் வழியாக ஓடியது.