தலைப்புக் காட்சி (திரைப்படம்)

படத்தின் பெயரும் கலைஞர்கள் பெயரும் திரையில் வரும் தொடக்கப் பகுதி. பேச்சு வழக்கில் ‘எழுத்து போடுவது’. கதை தொடங்குமுன் அதன் வகையையும் மனநிலையையும் உணர்த்துவது இதன் வேலை.

ஊதுகுழல் ஏந்திய ஜெமினி இரட்டையர் போன்ற நிறுவனச் சின்னமும், அதையடுத்து நெடிய பெயர்ப்பட்டியலும் பழைய தமிழ்ப் படங்களின் வழக்கம். எழுத்து அசையாமல் நிற்க, படத்தின் குணத்தைச் சொல்லும் பொறுப்பு பின்னணி இசைக்கே போனது. ஹாலிவுட்டில் வரைகலைஞர் சால் பாஸ் அந்தப் பொறுப்பை வரைகலைக்கும் பகிர்ந்தார். ‘வெர்டிகோ’வில் (1958) சுழலும் வடிவங்களே தலைசுற்றலைத் தந்துவிடுகின்றன.

தமிழில் அதிகம் பேசப்படுவது சுரேஷ் கிருஷ்ணாவின் ‘அண்ணாமலை’ (1992). அதில் புள்ளிகள் சேர்ந்து ‘சூப்பர் ஸ்டார்’ என்ற ஆங்கில எழுத்துகளாகும். கூடவே தேவாவின் இசை. அது கதையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, நடிகர் ரஜினிகாந்தை மட்டுமே அறிவிக்கிறது. நட்சத்திரமே ஒரு படவகை ஆகிவிட்ட திரையுலகில் அதுவே போதுமான தகவல்தான்! பிந்தைய ரஜினி படங்களிலும் அந்த அட்டை தொடர்ந்தது.

தேயிலைத் தோட்ட வாழ்வையே கதையாக்கிய பாலாவின் ‘பரதேசி’ (2013) எதிர்த்திசையில் போகிறது. கிராமத்துத் தெருக்களின் ஊடே நீளும் காட்சியோடு தொடங்கும் அப்படத்தில் நாயகனுக்கு முன்பே ஊர் அறிமுகமாகிவிடுகிறது.