சரக்குக்குத் திறந்த எல்லை, சுமப்பவருக்குச் சிறை: உலகமயமும் போதைப்பொருள் வணிகமும்

1985ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 அன்று பொலிவிய அரசு 21060 என்னும் எண்ணிட்ட ஆணையைப் பிறப்பித்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று இந்தியாவில் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முன்னது சந்தைக்கான ஆணை. பின்னது சிறைக்கான சட்டம். இவற்றுக்கிடையே நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். நம் ஊர்களில் கஞ்சாவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சாகவோ காவல்துறையின் அன்றாடச் செய்திக்குறிப்பாகவோ முடிந்துவிடுகிறது. அப்பேச்சில் உலகச் சந்தைக்கு இடமே இருப்பதில்லை.

பொலிவியாவிலிருந்து தொடங்குவோம். ஐமாரா, கெச்சுவா முதலான தொல்குடிகள் பெருந்தொகையாக வாழும் நாடு அது. 1952 புரட்சியில் அந்நாட்டின் பெரும் வெள்ளீயச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. அதைச் செய்த தலைவர் விக்டர் பாஸ் எஸ்தென்சோரோ. முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் குடியரசுத் தலைவராகி 21060 ஆணையில் கையொப்பமிட்டவரும் அவரே. பணவீக்கம் ஆண்டுக்குப் பல ஆயிரம் விழுக்காட்டை எட்டியிருந்த நேரம் அது. அரசுச் செலவைக் குறைத்தல், விலைக் கட்டுப்பாட்டை நீக்குதல், இறக்குமதியைத் திறந்துவிடுதல், வேலைநீக்கத்தை எளிதாக்குதல் ஆகியவையே ஆணையின் சாரம். ஆறாண்டுகள் கழித்து நம் நாட்டில் தாராளமயம் என்ற பெயரில் வந்தவற்றுள் பல, அங்கே ஒரே நாளில் ஒரே ஆணையில் வந்துவிட்டன.

இரண்டு மாதங்களில் அடுத்த அடி விழுந்தது. 1985 அக்டோபரில் பன்னாட்டு வெள்ளீய மன்றம் நொடித்துப்போக, இலண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீய வணிகம் நிறுத்தப்பட்டது. விலை பாதிக்கும் கீழே சரிந்தது. அரசுச் சுரங்க நிறுவனம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரை வெளியேற்றியது. இதற்கு அரசு சூட்டிய பெயர் ‘இடமாற்றம்’. 1986 ஆகஸ்டில் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தோடு தலைநகர் நோக்கி நடந்தனர். படையினர் வழியிலேயே சுற்றிவளைத்துத் திருப்பி அனுப்பினர்.

அவர்களுள் பலர் கொச்சபம்பா மாநிலத்தின் சப்பாரே காட்டுப் பகுதியில் குடியேறினர். வறட்சியால் மேட்டுநிலத்தைவிட்டு வந்த ஐமாரா, கெச்சுவா உழவர் குடும்பங்கள் அங்கே ஏற்கெனவே இருந்தன. அன்னாசியும் வாழையும் அம்மண்ணில் விளையும். ஆனால் சாலையில்லாத காட்டிலிருந்து அவை சந்தைக்கு வருவதற்குள் அழுகிவிடும். கோகா இலையோ ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை பறிக்கக்கூடியது. காய்ந்த இலை எடை குறைந்தது, முதுகில் சுமந்து செல்லலாம், வாங்குபவர் தேடிவருவார். வேலையையும் வயலையும் இழந்த ஒரு குடும்பம் எதைப் பயிரிடும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆந்திய மக்களுக்குக் கோகா புதிய பயிரன்று. பசியையும் களைப்பையும் மலைமேட்டின் மூச்சுத்திணறலையும் தாங்க அவர்கள் அதைப் பல நூற்றாண்டுகளாக மென்று வருகின்றனர். வழிபாட்டிலும் திருமணத்திலும் அதற்கு இடமுண்டு. நம் வெற்றிலையை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். கோகாயின் அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வேறொரு பொருள். அதைப் பிரிக்க மண்ணெண்ணெய், கந்தக அமிலம், பொட்டாசியம் பெர்மாங்கனேட், அசிட்டோன் போன்ற ஆலைச் சரக்குகள் வேண்டும். இவற்றுள் பலவும் எல்லை கடந்தே அக்காட்டுக்கு வந்து சேர்ந்தன. இலையையும் மண்ணெண்ணெயையும் அமிலத்தையும் குழியிலிட்டு இரவு முழுதும் காலால் மிதிக்கும் வேலைக்கு ஏழை இளைஞர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களின் பாதங்கள் வெந்து புண்ணாகும். இவ்வணிகத்தின் இலாபக் கணக்கை எழுதுவோர் இந்தக் கால்களைப் பற்றி அரிதாகவே எழுதுகின்றனர்.

அடுத்து வந்தது சட்டம். 1988 ஜூன் 27 அன்று வில்லா துனாரியில் போராடிய கோகா உழவர் பலர் கொல்லப்பட்டனர். சில வாரங்களில், அமெரிக்க அழுத்தத்தின் பின்னணியில், 1008ஆம் எண் சட்டம் நிறைவேறியது. யுங்காஸ் என்னும் பழைய விளைநிலப் பகுதியில் மட்டும் 12,000 ஹெக்டேர் வரை கோகா அனுமதிக்கப்பட்டது. சப்பாரேயில் இருப்பது அழிக்கப்பட வேண்டிய மிகுதி ஆயிற்று. அன்று இச்சட்டத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பிணை கிடைக்கவில்லை. கீழமை நீதிமன்றம் விடுவித்தாலும், மேல் நீதிமன்றம் அதை உறுதிசெய்யும்வரை அவர் சிறையிலேயே இருக்க வேண்டியிருந்தது. பொலிவியச் சிறைகள் ஏழைகளாலும் தொல்குடியினராலும் நிரம்பின.

இவற்றுக்கெல்லாம் மேலே 1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதை மருந்துகள் ஒற்றை உடன்படிக்கை இருந்தது. கோகா இலை மெல்லும் வழக்கம் 25 ஆண்டுகளுக்குள் ஒழிக்கப்பட வேண்டும் என்று அது விதித்தது. அதே உடன்படிக்கையின் 27ஆம் உறுப்பு, போதைப்பொருள் நீக்கிய சுவையூட்டி தயாரிக்கக் கோகா இலையைப் பயன்படுத்தலாம் என்கிறது. கொக்கோ கோலா நிறுவனத்துக்காக, நியூஜெர்சியிலுள்ள ஒரு வேதியியல் ஆலை பெருவிலிருந்து கோகா இலையைச் சட்டப்படி இறக்குமதி செய்து, கோகாயினை நீக்கி, சுவைச்சாற்றைத் தருகிறது. இலை ஒன்றுதான். தொல்குடியின் வாயில் மெல்லப்பட்டால் ஒழிக்கப்பட வேண்டிய பழக்கம். பன்னாட்டு நிறுவனத்தின் புட்டியில் அடைபட்டால் உலகமறிந்த பானம். இங்கே ஒரு செய்தியை நினைவூட்டத் தோன்றுகிறது. 1948 நவம்பரில் நம் அரசமைப்பு அவையில் மதுவிலக்கு விவாதிக்கப்பட்டபோது, பழங்குடிகளின் அரிசிக்கள் அவர்களின் வழிபாட்டோடும் வயல் வேலையோடும் பிணைந்தது என்று ஜெய்பால் சிங் முண்டா எதிர்ப்புத் தெரிவித்தார். எது போதை, எது பண்பாடு என்று தீர்மானிக்கும் இடத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பது அன்றும் கேள்வியாகவே இருந்தது.

பொலிவியர் வாளாவிருக்கவில்லை. வெளியேற்றப்பட்ட சுரங்கத் தொழிலாளரின் சங்க அனுபவம் கோகா உழவர் சங்கங்களுக்கு உரமாயிற்று. 2004இல் ஒரு குடும்பம் 40 மீட்டருக்கு 40 மீட்டர் அளவுள்ள ஒரு துண்டில் கோகா பயிரிடலாம் என்னும் உடன்பாட்டை அவை வென்றெடுத்தன. அச்சங்கங்களின் தலைவரான எவோ மொராலெஸ், ஓர் ஐமாரா, 2006இல் குடியரசுத் தலைவரானார். 2008இல் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமை வெளியேற்றப்பட்டது. 2011இல் பொலிவியா ஒற்றை உடன்படிக்கையிலிருந்து விலகி, இலை மெல்லும் உரிமையை விலக்காகக் குறித்து 2013 ஜனவரியில் மீண்டும் சேர்ந்தது. எதிர்த்த நாடுகள் 15 மட்டுமே. இதனால் கோகாயின் ஒழிந்துவிடவில்லை. சப்பாரே இலையில் பெரும்பகுதி சட்டப்படியான சந்தைக்கு வருவதில்லை என்ற குற்றச்சாட்டும் தொடர்கிறது. அதை மறைப்பது நமக்கு அழகன்று. ஆனால் பயிரிடுவோர் கொல்லப்படுவது பெரிதும் குறைந்தது.

இனி பணம் சென்ற வழியைப் பார்ப்போம். காட்டில் விளைந்த இலை தூளாகி, கொலம்பியா, மெக்சிகோ வழியே வடக்கே சென்று டாலராயிற்று. அந்த டாலருக்கு வங்கி வேண்டும். 1980களுக்குப் பின் பல நாடுகள் மூலதனக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதால், பணம் நாடுவிட்டு நாடு பாய்வதற்கான வாய்க்கால்கள் அகலமாயின. அமெரிக்காவின் வாக்கோவியா வங்கி, மெக்சிகோ நாணய மாற்றகங்களிலிருந்து வந்த ஏறத்தாழ 37,800 கோடி டாலர் பரிமாற்றங்களை உரியவாறு கண்காணிக்கவில்லை. 2010இல் 16 கோடி டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. எச்.எஸ்.பி.சி. வங்கி வழியாக மெக்சிகோ, கொலம்பியக் கடத்தல் குழுக்களின் 88 கோடி டாலராவது வெள்ளையாக்கப்பட்டது. மெக்சிகோ கிளைகளின் பணம் செலுத்தும் சாளரத்துக்குப் பொருந்தும் அளவில் பெட்டி செய்து பணத்தைக் கொண்டுவந்தார்கள் என்று அமெரிக்க அரசே கூறியது. 2012 டிசம்பரில் அவ்வங்கி ஏறத்தாழ 192 கோடி டாலர் கட்டியது. முந்தைய ஆண்டில் அது ஈட்டிய இலாபத்தில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிகாரி ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை.

அதே அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, கறுப்பின ஏழைப் பகுதிகளில் மலிவாகப் புழங்கிய ‘கிராக்’ கோகாயின் 5 கிராம் விற்றவருக்கும், வசதி படைத்தோர் பயன்படுத்திய கோகாயின் தூள் 500 கிராம் விற்றவருக்கும் குறைந்தபட்சத் தண்டனை ஒன்றே: ஐந்தாண்டு. ‘கிராக்’ வழக்குகளில் தண்டிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பர். 2010இல் இந்த நூற்றுக்கு ஒன்று என்னும் விகிதம் பதினெட்டுக்கு ஒன்று எனக் குறைக்கப்பட்டது, நீக்கப்படவில்லை.

சரக்கின் பயணமும் மாறிவிட்டது. உலக வணிகத்தின் முதுகெலும்பு கப்பல் கொள்கலன். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தால் துறைமுகம் நின்றுவிடும். ஆகவே மிகச் சில மட்டுமே திறக்கப்படுகின்றன. விரைவுதான் இன்றைய வணிகத்தின் இலாபம். அந்த விரைவே கடத்தலின் மறைப்பும் ஆகிறது. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கொள்கலன்களில் 2,988 கிலோ ஹெராயின் பிடிபட்டது. ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக, மாக்கல் என்ற பெயரில் வந்த சரக்கு அது. நம் ஊரில் ‘குருவி’ என்று அழைக்கப்படுபவர் பையில் சுமப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தியச் சட்டம் எடையைக் கொண்டே குற்றத்தை அளக்கிறது. கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறையும் ஒரு லட்சம் ரூபாய் தண்டமும். சரக்குக்கு முன்பணம் கொடுத்தவரின் கையில் எடை எதுவும் இருப்பதில்லை. நள்ளிரவுப் பேருந்தில் அதை மடியில் வைத்திருப்பவரிடம்தான் இருக்கிறது. முதலீடு செய்தவரைத் தண்டிக்க 27-ஏ பிரிவு உள்ளது என்பது உண்மை. ஆனால் அவரை நிறுவப் பணத்தின் தடத்தைத் தொடர வேண்டும். சுமந்தவரை நிறுவத் தராசு போதும். பொலிவியாவின் 1008க்கு இணையாக இங்கே 37ஆம் பிரிவு உண்டு: வணிக அளவு வழக்கில் பிணை வேண்டுமானால், அவர் குற்றவாளி அல்லர் என நம்பக் காரணம் உள்ளதென நீதிமன்றம் விசாரணைக்கு முன்பே நிறைவடைய வேண்டும்.

விளைவிப்போர் நிலையும் ஒப்பிடத்தக்கதே. விசாகப்பட்டினத்துக்கு மேற்கேயுள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வெளியூர் வணிகர் விதையும் முன்பணமும் கொடுத்துப் பழங்குடி உழவரைக் கஞ்சா பயிரிட வைத்தனர். தமிழ்நாட்டில் பிடிபடும் கஞ்சாவில் கணிசமான பகுதி அம்மலைகளிலிருந்தே வருகிறது. 2021 இறுதியில் ஆந்திரக் காவல்துறை ‘பரிவர்த்தன்’ நடவடிக்கையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பயிரை அழித்தது. முன்பணம் கொடுத்தவர் வேறு மலைக்குப் போய்விடலாம். நிலம் உள்ளவர் போக முடியாது.

நீதிமன்றங்களில் சிறு அசைவு தெரிகிறது. 2023 மார்ச்சில், ஏழாண்டுக்கும் மேலாக விசாரணைக் கைதியாக இருந்த ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியது. விசாரணையில் நேரும் அளவுகடந்த தாமதத்தைக் காரணமாகக் கொண்டு பிணை வழங்க 37ஆம் பிரிவு தடையன்று என்றது; சிறையின் கொடுமை பொருளாதாரத்தில் கடைநிலையில் இருப்போரையே மிகுதியாகத் தாக்குகிறது என்றும் குறிப்பிட்டது. சட்ட உதவிக் குழுக்களில் பணியாற்றும் தோழர்கள் இத்தீர்ப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும். சிறைக்குள் துப்புரவு வேலையைச் சாதி பார்த்து ஒதுக்கிய சிறை விதிகள் செல்லாது என்று அதே நீதிமன்றம் 2024 அக்டோபரில் கூறும்வரை, உள்ளே போன தலித் கைதிக்குக் காத்திருந்த வேலை எது என்பதும் பல மாநிலங்களில் எழுத்திலேயே இருந்தது.

2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரப்படி கைதிகளில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். போதைப்பொருள் வழக்கில் உள்ளோர் எண்ணிக்கை அந்த அறிக்கையின் ஓர் அட்டவணையில் இருக்கிறது. கைதிகளின் சாதி விவரம் வேறோர் அட்டவணையில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் அட்டவணை இல்லை. மாவட்டச் சிறைகளிடம் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: போதைப்பொருள் வழக்கில் உள்ள விசாரணைக் கைதிகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனைபேர், அவர்களிடம் கைப்பற்றப்பட்டதாகச் சொல்லப்படும் எடை எவ்வளவு, அவர்கள் எத்தனை நாளாக உள்ளே இருக்கிறார்கள்.