அயலார் நிதியும் குடிகளின் நலமும்: ஆப்கானிஸ்தான வரலாறு காட்டும் உண்மை

ஒரு நாட்டின் வருமானம் பெருகுமாயின் அந்நாட்டு மக்களின் வாழ்வும் உயரும் என்பது பொருளியலார் பலர் கொண்டுள்ள எண்ணமாகும். ஆயின், அவ்வருமானம் எங்கிருந்து வருகின்றது, யார் கையிற் சேர்கின்றது, எத்துணைக் காலம் நிலைக்கின்றது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணாது அவ்வெண்ணத்தை ஏற்றல் பொருந்தாது. இதனை ஐயமற விளக்குவது ஆப்கானிஸ்தானத்தின் வரலாறு. கடற்கரையற்ற அம்மலைநாட்டு அரசு, இடையிடையே அறுபட்டாலும், 1883 ஆம் ஆண்டு தொட்டே அயலார் நிதியைச் சார்ந்து வாழ்ந்து வந்துள்ளது.

1880 இல் ஆட்சிக்கு வந்த அமீர் அப்துர் ரகுமானுக்குப் பிரித்தானிய இந்திய அரசு 1883 முதல் ஆண்டுதோறும் 12 இலட்சம் ரூபா வழங்கியது. எல்லைக் கோடு பற்றிய உடன்படிக்கை செய்யப்பட்ட 1893 இல் அத்தொகை 18 இலட்சமாயிற்று. இரஷ்யப் பேரரசுக்கும் இந்தியாவுக்கும் இடையில் ஒரு தடுப்பு நிலம் வேண்டும் என்பதே கொடுத்தோர் நோக்கம். குடிகளின் நலம் அவர்தம் கருத்திலில்லை. 1919 இல் நாடு முழு விடுதலை பெற்றதும் அம்மானியம் நின்றது. அமானுல்லா தம் சீர்திருத்தங்களுக்கு வேண்டிய பொருளை உள்நாட்டு வரியாலே திரட்ட முயன்றார். வரிச்சுமையும் சமூக மாற்றங்களுக்கு எழுந்த எதிர்ப்பும் ஒன்றுசேர்ந்து கிளர்ச்சியாக மூண்டன. 1929 இல் அவர் முடி துறந்தார். குடியானவனிடம் வரி கேட்பதிலும் அயல்நாட்டிடம் பொருள் கேட்பது இடர் குறைந்தது என்னும் பாடத்தையே பின்வந்தோர் இதிலிருந்து கற்றனர் எனலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இருபெரு வல்லரசுகளும் போட்டியிட்டு உதவின. 1946 இல் அமெரிக்க நிறுவனமொன்று எல்மண்டுப் பள்ளத்தாக்கிற் பணி தொடங்கியது. 1949 இல் அதன் பொருட்டு 2 கோடியே 10 இலட்சம் டொலர் கடனாகப் பெறப்பட்டது. அர்கண்டாப் அணை 1952 இலும் கஜாக்கி அணை 1953 இலும் முடிவுற்றன. எனினும் வடிகால் வசதி போதாமையால் நீர் தேங்கி, உவர் மேற்பட்டு, விளைநிலம் பல கெட்டன. வடக்கே சோவியத்து உதவியுடன் அமைந்த சாலாங்குச் சுரங்கப்பாதை 1964 இல் திறக்கப்பட்டது. இத்துணைப் பணிகள் நிகழ்ந்தும், 1970களின் தொடக்கத்தில் மழை பொய்த்தபோது கோர் மாகாணத்து மக்கள் பசியால் மாண்டனர். 1973 இல் மன்னராட்சி வீழ்ந்தது. பின்னர், சோவியத்து உதவி 1992 சனவரியுடன் நின்றதும், நஜிபுல்லாவின் அரசு அவ்வாண்டு ஏப்பிரலிலேயே சரிந்தது.

2001 இன் பின் நிகழ்ந்தது இவையனைத்திலும் பெரிது. 2003 முதல் 2012 வரை பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாக நூற்றுக்கு 9 வீதத்திற்கும் மேலாக வளர்ந்தது. பாடசாலைகள் பெருகின, முன்னர் தடுக்கப்பட்டிருந்த பெண்குழந்தைகள் கல்வி கற்றனர், சிசு மரணம் குறைந்தது. இவற்றைச் சிறியனவென்று தள்ளுதல் நீதியாகாது. ஆயினும், 2007-08 இல் எடுக்கப்பட்ட குடும்பக் கணக்கெடுப்பின்படி மக்களுள் நூற்றுக்கு 36 பேர் வறியோர். 2011-12 இலும் அத்தொகை குறையவில்லை. நாட்டின் வருமானம் விரைந்து உயர, ஏழையின் அடுப்பங்கரை இருந்தவாறே இருந்தது.

இம்முரண்பாட்டிற்குக் காரணங்கள் பல. முதலாவதாக, வளர்ச்சி பெரும்பாலும் கட்டடத் தொழிலிலும், போக்குவரத்திலும், அயற்படைகளுக்கு வேண்டிய சேவைகளிலும் எழுந்தது. வறியோரோ மழையையும் பனிநீரையும் நம்பிய வேளாண்மையில் வாழ்ந்தனர். இரண்டாவதாக, உதவிப் பணம் வறுமை மிக்க இடத்தை நோக்காது போர் மிக்க இடத்தை நோக்கிப் பாய்ந்தது. எல்மண்டும் கந்தகாரும் பெற்ற கவனத்தை வடகிழக்கிலுள்ள படக்சான் பெறவில்லை. மூன்றாவதாக, வந்த பணத்திற் பெரும்பகுதி இறக்குமதியாகவும் ஒப்பந்தக்காரர் ஊதியமாகவும் மீண்டும் வெளியேறியது. 2010 இல் வெளிப்பட்ட காபூல் வங்கி மோசடியில் ஏறக்குறைய 100 கோடி டொலர் மறைந்தமை, செல்வம் யார் கையிற் சேர்ந்தது என்பதற்குத் தக்க சான்றாகும்.

குடும்பம் இடரை எவ்வாறு தாங்கியது என்பதும் நோக்கற்பாலது. 2008 இல் கோதுமை விலை இருமடங்கு அளவுக்கு ஏறியது. ரொட்டியே முதன்மை உணவாகிய அந்நாட்டில், குடும்பங்கள் ரொட்டியைக் காக்கும் பொருட்டு இறைச்சி, பால், காய்கனி ஆகியவற்றைக் குறைத்துக்கொண்டன. வயிறு ஒருவாறு நிறைந்தது, உடலோ வளங்குன்றியது. தேசிய வருமானக் கணக்கில் இவ்விழப்பு இடம்பெறுவதில்லை.

2014 இல் அயற்படைகளுட் பெரும்பாலானவை நீங்கவே, வளர்ச்சி தளர்ந்தது, குடித்தொகையோ ஏறியவண்ணமிருந்தது. 2016-17 இல் வறியோர் தொகை நூற்றுக்கு 55 ஆயிற்று. 2020 அளவில் அரசாங்கச் செலவில் முக்காற்பங்கு அயலார் கொடையாகவே இருந்தது. 2021 ஆகத்தில் ஆட்சி மாறியதும் கொடை நின்றது. வெளிநாடுகளில் இருந்த சுமார் 900 கோடி டொலர் ஒதுக்குநிதி முடக்கப்பட்டது. அவ்வோராண்டிலேயே பொருளாதாரம் ஐந்திலொரு பங்கு சுருங்கியது. சம்பளமிழந்த ஆசிரியரும் தாதியரும் வீட்டுப் பொருள்களைச் சந்தையில் விற்கலாயினர். பெண்குழந்தைகளுக்கு உயர்தர வகுப்புகளின் வாயில் மூடப்பட்டது.

இவ்வரலாற்றினின்று உதவியே தீது என்று முடிவு செய்தல் தவறாகும். அவ்வுதவியாற் பிழைத்த குழந்தைகள் பலர். தீது யாதெனின், கொடுத்தோர் தம் பாதுகாப்பையும் பெற்றோர் தம் ஆட்சியையும் நோக்கினரேயன்றி, குடியானவனின் வயலை இருசாராரும் நிலையாக நோக்காமையே. தன் குடிகளின் விளைச்சலில் தங்கி நிற்கும் அரசு அவர்தம் வறட்சியைத் தன் வறட்சியாக உணரும். அயலார் கருவூலத்தில் தங்கி நிற்கும் அரசுக்கு அவ்வுணர்ச்சி எளிதில் எழாது. ஒரு நாட்டின் வளர்ச்சியை அளக்க விரும்புவோர், ஆண்டு வருமானத்தோடு அமையாது, மழை பொய்த்த ஆண்டில் ஏழைக் குடும்பம் எதனை உண்டது என்பதையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.